மஞ்சள் ரூமுக்காரி

அவ அழகுன்னு நான் ஒத்துக்கவே மாட்டேன் கண்ணு. கலர் இருக்கா, இருக்கு. பல்லு வரிசையா இருக்கா, இருக்கு. அதெல்லாம் சேர்ந்துட்டா அழகு ஆயிடுமா?

நீ ஜன்னல் பக்கமே உக்காந்துக்க. எனக்கு பஸ் காத்து ஆகாது. வேலூர் வரைக்கும்தானே? நானும் அங்கதான். எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கம் வேலை செய்யறாரு, பார்த்துட்டு வரலாம்னு கிளம்பினேன். ஓசூர்ல நான், வேலூர் தாண்டி அவரு. பையன் சேலத்துல ஹாஸ்டல்ல. இந்த வயசுல புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு ஊர்ல கிடக்கோம்னா அதுக்கு ஒருத்திதான் காரணம். அவ பேரு ஜாய்ஸ்லின். நாகர்கோவில் பக்கம். பேரைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கசக்குது.

நான் பொறாமைக்காரி இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். யார் என்ன புடவை கட்டினாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல, அதைத்தான் கேக்கறேன்.

உன் கையில போன் இருக்கே, அதைப் பிரிச்சா உள்ள பச்சைக் கலர்ல ஒரு தகடு இருக்கும், பார்த்திருக்கியா? மேல செம்புல கோடு கோடா ஓடும். போர்டுன்னு சொல்லுவோம். அதைச் செய்யற கம்பெனியிலதான் எனக்கு வேலை. அந்தக் கோடு யாரும் பேனாவால வரையறது இல்ல. எல்லாம் போட்டோ பிடிக்கற மாதிரிதான். செம்புத் தகடு மேல நீலக் கலர்ல மெல்லிசா ஒரு படலம் ஒட்டுவோம். அதுக்கு மேல, நாங்களே கழுவி எடுத்த, கோடு போட்ட ஃபிலிமை வச்சு வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாயிடும், படாத இடம் மருந்துல கழுவினா கரைஞ்சு போயிடும். அப்புறம் செம்பை அரிக்க விட்டா கோடு மட்டும் நிக்கும். கடைசியில வேற மருந்துல முக்கி மிச்சப் படலத்தையும் உரிச்சு எடுத்துடுவோம். வெயில்ல தோல் உரியுமே, அந்த மாதிரி சுருள் சுருளா வரும்.

இதெல்லாம் நடக்கறது ஒரே ரூம்ல. வெள்ளை லைட் பட்டா படலம் கெட்டுடும்ங்கறதால உள்ள பூரா மஞ்சள் லைட்டுதான். எல்லாரும் மஞ்சள் ரூம்னுதான் சொல்லுவாங்க. அந்த ரூமுக்கு நான் இன்சார்ஜ். தலைக்குத் தொப்பி, வெள்ளைக் கோட்டு, காலுக்கு உறை, இதெல்லாம் போடாம முதலாளியே வந்தாலும் உள்ள விட மாட்டேன். விட்டதில்ல. "கோமளா ரூம்"னு போர்டுதான் மாட்டல, மத்தபடி எல்லாம் என் ராஜ்ஜியம்.

எங்க வீட்டுக்காரரு பேரு அருணகிரி. அவரும் அதே கம்பெனிதான். எல்லா டிபார்ட்மென்ட்லயும் கழுவி விடற தண்ணி பின்னாடி ஒரு ஷெட்டுக்குப் போகும், அதைச் சுத்தம் பண்ணி வெளிய விடறது அவரு வேலை. தொட்டி, பம்பு, சேறு, நாத்தம். நான் மஞ்சள் வெளிச்சத்துல ராணி மாதிரி நிப்பேன், அவரு பின்னாடி கம்பை வச்சுத் தொட்டியைக் கிண்டிக்கிட்டு இருப்பாரு. வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணெல்லாம் நீலமா இருக்கும். ஏன்னு கேட்டா, "உங்க ரூம் படலம்தான், பிசினா மாறி பம்பை அடைச்சுக்குது, கையை விட்டுச் சுரண்டறேன்"னு சொல்லுவாரு. சோப்பு போட்டுக் கழுவுங்கன்னு சொல்லிட்டு நான் சாப்பாடு எடுத்து வைப்பேன்.

ஒண்ணு மட்டும் ஓயாம சொல்லுவாரு. "கோமளா, மருந்து மாத்தும்போது ஒரேடியா திறந்து விடாத. ஒரு போன் அடி, நான் தனியா வாங்கிக்கறேன். கொஞ்சம் கொஞ்சமா விடு." கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்கு ப்ரொடக்‌ஷன் யாரு குடுப்பா? மருந்து வேகம் போய்ச் செத்துடுச்சுன்னா வால்வைத் திறக்கணும், ஹோஸ்ல தண்ணி அடிக்கணும், புதுசு ஊத்தணும், மெஷினை ஓட்டணும். எங்க ரூம்ல காலங்காலமா அப்படித்தான். ஃபிலிம் கழுவற மருந்தும் அப்படித்தான், அந்தக் குழியிலயே போயிடும்.

அவருகிட்ட ஒரு கிறுக்கு உண்டு. அந்தத் தொட்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்காம். அதுங்கதான் அழுக்கைத் தின்னு தண்ணியைச் சுத்தம் பண்ணுதாம். அதுங்களுக்கு வெல்லம் கரைச்சு ஊத்துவாரு. சாணி வேற. மருந்து ஜாஸ்தியா வந்த அன்னைக்குப் பூச்சி செத்துப் போச்சுன்னு முகம் தொங்கிப் போயிடும், சாப்பிட மாட்டாரு. எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட மனுஷன் ரெண்டு வேளையும் சாப்பிட்டாரு. நீயே சொல்லு, யாருக்குத்தான் கோவம் வராது?

சரி, விஷயத்துக்கு வரேன். போன வருஷம் வெயில் ஆரம்பிக்கறப்ப இந்த ஜாய்ஸ்லின் வந்தா. தண்ணி, கழிவு, சுற்றுச்சூழல் எல்லாத்துக்கும் இன்ஜினியராம். எங்க பிளான்ட் ஹெட் தேசிகன் சார் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டாக் கூட்டிக்கிட்டு வந்து அறிமுகம் பண்ணாரு. எங்க ரூம் வாசல்ல நின்னு கண்ணாடி வழியா ஒரு கும்பிடு போட்டா, போயிட்டா. சரி, புதுசு, தொப்பி கிடைக்கல போலன்னு நினைச்சேன். நேரா எங்க போயிருக்கா தெரியுமா? பின்னாடி ஷெட்டுக்கு. நாத்தம் பிடிச்ச ஷெட்டுக்கு எந்தப் பொம்பளை ஆசைப்பட்டுப் போவா?

அன்னையிலேர்ந்து அங்கேயேதான். ஒரு கேனைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்குவா. அவரு பேசுவாரு, இவ கேப்பா. எங்க வீட்டுக்காரரு பேசி நான் பார்த்ததே இல்ல கண்ணு. வீட்ல வந்தா ரெண்டு வார்த்தை, டிவி, தூக்கம். அங்க கையை ஆட்டி ஆட்டிப் பேசறாரு. எங்க ரூமுக்கு வெளிய நடைபாதையில ஒரு ஜன்னல் இருக்கு, அங்கேர்ந்து பார்த்தா ஷெட்டு நல்லாத் தெரியும். நான் ஒண்ணும் வேணும்னே பார்க்கல. தண்ணி குடிக்க அந்த வழியாத்தான் போகணும்.

ஒருநாள் பார்க்கறேன், கண்ணாடிக் குவளையில தண்ணியை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரெண்டு பேரும் தலையோடு தலை வச்சுப் பார்க்கறாங்க. பொறந்த குழந்தை முகத்தைப் பார்ப்பாங்களே, அப்படி. எனக்கு அன்னைக்கு அஞ்சாறு போர்டு வீணாப் போச்சு. ஃபிலிமைக் கோணலா வச்சுட்டேன்.

அவ ஊருக்குப் போயிட்டு வந்தா மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் டப்பாவுல கொண்டு வருவா. இவரு அதைச் சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்து, "தேங்காய் அரைச்சு வைக்கறாங்க கோமளா, நல்லா இருந்துச்சு"ன்னாரு. என் குழம்புல ஆயுசு பூரா புளி ஜாஸ்தின்னு சொன்ன மனுஷன். அன்னைக்கு ராத்திரி ரசம் மட்டும் வச்சேன்.

அவரை அவ "அண்ணா"ன்னுதான் கூப்பிடறா. அதனால? கூப்பிட்டுட்டா ஆச்சா?

அப்புறம் ஒருநாள் தொப்பி, கோட்டு எல்லாம் ஒழுங்கா மாட்டிக்கிட்டு என் ரூமுக்கே வந்தா. சுத்திச் சுத்திப் பார்த்தா. ஃபிலிம் கழுவற மெஷின்கிட்ட நின்னு, "அக்கா, இந்த மருந்து தீர்ந்தா எங்க போகுது?"ன்னா.

"கீழ"ன்னேன்.

"கீழன்னா?"

"கீழன்னா கீழதான். குழியில."

"அக்கா, இதுல வெள்ளி கலந்திருக்கும்லா. ஃபிலிம்ல உள்ள வெள்ளி கரைஞ்சு இதுலதான் இருக்கும். அது போய்ச் சேர்ந்தா அண்ணனோட தொட்டியில உயிரெல்லாம் செத்துரும்க்கா. தனியாப் பிடிச்சு வச்சா வெள்ளியைத் திரும்ப எடுக்கலாம்."

"வெள்ளி இருந்தா நீ கொலுசு செஞ்சு போட்டுக்க"ன்னேன்.

அவ சிரிச்சா கண்ணு. கோவிச்சுக்கிட்டாக்கூடப் பரவாயில்ல. நல்ல ஜோக்கு கேட்ட மாதிரி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. என் ரூம் பொண்ணுங்களும் கூடச் சேர்ந்து சிரிச்சாங்க. அப்புறம் மெதுவா, "அக்கா, படலம் கரைஞ்ச தண்ணியையும் ஒரேடியா விடாதீங்க. அது மொத்தமா வந்தா அங்க நுரை கட்டி, பிசின் பிடிச்சு, ஒண்ணும் செய்ய முடியாமப் போயிருது. கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, முன்னாடி ஒரு போன் அடிங்க"ன்னா.

அதே வார்த்தை! எங்க வீட்டுக்காரரு சொல்ற அதே வார்த்தை, ஒண்ணுகூட மாறல. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கேட்டேன், "என்ன, ரெண்டு பேருக்கும் ஒரே வாயா?"ன்னு. அவரு முழிச்சாரு. "அந்தப் பொண்ணு சரியாத்தானே சொல்லுது? நான் எத்தனை வருஷமா இதைச் சொல்றேன்"னாரு. "நீங்க சொன்னப்ப நான் கேக்கலன்னு அவகிட்டப் போய்ச் சொல்லி வச்சீங்களா?"ன்னேன். "உன் பேரை நான் எடுக்கவே இல்ல"ன்னாரு. பார்த்தியா? நாள் பூரா அவகூட உக்காந்திருக்காரு, பொண்டாட்டி பேரு ஒருதரம்கூட வாயில வரல.

இந்தச் சமயத்துல முனிராஜப்பா வேற. எங்க கம்பெனிக்குப் பின்னாடி ஒரு ஓடை, ஓடையை ஒட்டி அவரு தோட்டம். ரோஜா போட்டிருக்காரு. பெங்களூருக்குப் போற பூ. கிணத்துத் தண்ணியில நுரை வருது, இலையெல்லாம் ஓரம் கருகுதுன்னு கேட்டுல வந்து நின்னு கத்துவாரு. பாதி கன்னடம், பாதி தமிழ். நான் வெயில்ல கருகுதுன்னு சொன்னேன். அந்த வருஷம் வெயில் அப்படி. எங்க வீட்டுக்காரரும் அவளும் சேர்ந்து அவரு தோட்டத்துக்கே நடந்து போயிட்டு வந்தாங்க. கிணத்துத் தண்ணியைப் பாட்டில்ல பிடிக்கவாம். வரும்போது அவ கையில ஒரு ரோஜா. முனிராஜப்பா குடுத்தாராம். அவரு கருகிப் போச்சுன்னு அழறவரு, ரோஜா எங்கேர்ந்து குடுப்பாரு? எங்க வீட்டுக்காரருகிட்ட நான் கேக்கல. கேட்டா என் மரியாதை என்ன ஆகறது?

அப்புறம் அந்தப் பரிசோதனை வந்துச்சு. என் ரூம் தண்ணியைத் தனித் தொட்டியில பிடிச்சு, அளவா ஆசிட் விட்டா, கரைஞ்ச படலமெல்லாம் பால் திரியற மாதிரி திரிஞ்சு கட்டியா மேல வந்துடுமாம். அதை வழிச்சு எடுத்துட்டா தண்ணி தெளிஞ்சுடுமாம். இது ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்ச ஐடியா. சின்னக் குவளையில செஞ்சு பார்த்தாச்சு, பெருசா செஞ்சு காட்டணும். எங்ககிட்ட போர்டு வாங்கற பெங்களூர் கம்பெனிக்காரங்க அன்னைக்கு வராங்க, தேசிகன் சார் அவங்களைக் கூட்டிக்கிட்டு வந்து காட்டப் போறாரு. காலையில ஜாய்ஸ்லின் என்கிட்ட வந்து, "அக்கா, நான் போன் அடிச்சதும் வால்வைக் கால்வாசி திறங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம். இன்னைக்கு உங்க கையிலதான் இருக்கு"ன்னா. என் ரூம்ல எப்ப வால்வு திறக்கணும்னு இவ போன் அடிச்சுச் சொல்லணுமாம்.

சரின்னுதான் சொன்னேன். நான் நல்லவிதமாத்தான் இருந்தேன் கண்ணு. மத்தியானம் சாப்பிட்டுட்டு தண்ணி குடிக்கப் போனேன். ஜன்னல் வழியா பார்வை போச்சு. வந்தவங்களுக்கெல்லாம் கண்ணுக்கு மாட்டற கண்ணாடியை எடுத்துக் குடுத்துட்டாங்க போல, இவளுக்கு இல்ல. எங்க வீட்டுக்காரரு தன்னோடதைக் கழட்டி அவளுக்குக் குடுத்தாரு. அதோட விட்டாரா? தன்னோட ரப்பர் ஏப்ரனையும் கழட்டி அவ கழுத்துல மாட்டி, பின்னாடி நாடாவைக் கட்டி விடறாரு. நிதானமா, முடிச்சு போட்டு, இழுத்துப் பார்த்து. எனக்குக் கல்யாணத்தன்னைக்குத் தாலி கட்டும்போதுகூடக் கை நடுங்கி மூணாவது முடிச்சை அவரு அக்காதான் போட்டாங்க.

நான் ரூமுக்குத் திரும்பி வந்தேன். மருந்து ரெண்டும் செத்துக் கிடந்துச்சு. எப்படியும் மாத்த வேண்டியதுதான். படலம் கழுவற மருந்து, படலம் உரிக்கற மருந்து, ரெண்டு வால்வையும் திறந்தேன். முழுசாத்தான். மாத்தறதுன்னா அப்படித்தானே மாத்தணும்? போன் வர வரைக்கும் காத்துக்கிட்டு உக்காந்தா என் டார்கெட்டை அவளா முடிச்சுக் குடுப்பா?

கொஞ்ச நேரத்துல வெளிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தா, ஷெட்டே தெரியல. நுரை. பொங்கல் பானை பொங்கினா எப்படி வழியும், அப்படித் தொட்டியைத் தாண்டி, ஷெட்டைத் தாண்டி, பாதையில வருது. நீல நுரை. பெங்களூர்க்காரங்க கால்ல பூட்ஸோட பின்னாடியே நகர்ந்து போறாங்க. நுரையெல்லாம் மழைத்தண்ணிக் கால்வாயில இறங்கி ஓடைப் பக்கம் போகுது. எங்க வீட்டுக்காரரு அதுக்குள்ள இறங்கிட்டாரு. ஓடைக்குப் போற கதவை அடைக்கணும்னு முழங்கால் அளவு நுரையில நடந்து போறாரு. போய் அடைச்சுப்புட்டாரு. திரும்பி வரும்போதுதான், பிசின் போய் பைப்பை அடைச்சு, அந்த வேகத்துல ஜாயின்ட் பிச்சுக்கிச்சு. அந்த உரிக்கற மருந்து இருக்கே, காஸ்டிக். தோலை உரிக்கும். அது நேரா அவரு முகத்துல அடிச்சுது.

அவரு கண்ணாடி அவ முகத்துல இருந்துச்சு. இதை நான் யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன். அவரு கண்ணு போனதுக்கு அவதான் காரணம்.

நான் செருப்புகூடப் போடாம ஓடினேன். நான் போறதுக்குள்ள அவ அவரை இழுத்துக்கிட்டுப் போய்க் குழாயடியில உக்கார வச்சுட்டா. தண்ணி பீச்சுது. ஒரு கையால அவரு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கண் இமையை விரிச்சுப் பிடிச்சிருக்கா. அவரு முகம் அவ மடியில. "மூடாதீங்கண்ணா, மூடாதீங்க, கொஞ்ச நேரம்ண்ணா"ன்னு அழுதுக்கிட்டே சொல்லிட்டிருக்கா. ஊரே சுத்தி நிக்குது. என் புருஷன் முகம். அவ கை.

எனக்குக் கண்ணு தெரியல கண்ணு. போய் அவ தோளைப் பிடிச்சு இழுத்துத் தள்ளிட்டேன். "கையை எடுடி"ன்னேன்.

தண்ணி அவரு கண்ணை விட்டு விலகிடுச்சு. அவரு கத்தினாரு பாரு, "விடு கோமளா! எரியுது, விடு!"ன்னு. அவளும் கத்தறா, "அக்கா, தண்ணியை நிறுத்தக்கூடாது, நிறுத்தக்கூடாது!"ன்னு. எந்திரிச்சு வந்து என்னை இடிச்சுத் தள்ளிட்டு மறுபடியும் அவரு முகத்தைப் பிடிச்சுக்கிட்டா. அவரும் அந்தப் பக்கமேதான் கையை நீட்டறாரு. இத்தனை பேருக்கு நடுவுல ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கத்தினாங்க. அந்த அவமானம் இன்னும் போகல.

ஆஸ்பத்திரியில ரெண்டு கண்ணையும் கட்டி வச்சிருந்தாங்க. நான் ரூமுக்குள்ள காலை வைக்கறேன், பேசக்கூட இல்ல, "கோமளாவா?"ன்னாரு. நடையை வச்சே கண்டுபிடிச்சுட்டாரு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நான் வந்துடுவேனோன்னு பயந்துக்கிட்டே இருந்திருக்காரு, அதான் டக்குனு கேக்கறாருன்னு தோணுச்சு. இடது கண்ணு சரியாயிடுச்சு. வலது கண்ணுல பனி மூடின மாதிரிதான் தெரியுமாம், இனிமே அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு.

முனிராஜப்பா ஒரு சாக்குல கருகின ரோஜாவையெல்லாம் கட்டி எடுத்துட்டு வந்து ரிசப்ஷன்ல கொட்டினாரு. ஓடையை ஒட்டின பாத்தி பூரா போச்சாம். அந்தக் கதவை மட்டும் எங்க வீட்டுக்காரரு அடைக்காம இருந்திருந்தா தோட்டமே போயிருக்கும்னு அவரே சொன்னாரு.

அப்புறம் விசாரணை. தேசிகன் சார், பெரிய ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேரு. என்னையும் கூப்பிட்டாங்க. ஒரு கண்ணுல கட்டோட அவரு உக்காந்திருக்காரு. எதிர்ல ஜாய்ஸ்லின். "யார் வால்வைத் திறக்கச் சொன்னது?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவரு சொல்லிட்டாரு. "நான்தான் சார். நான்தான் கோமளாவுக்குப் போன் அடிச்சு முழுசா திறன்னு சொன்னேன். என் தப்பு."

போனே வரல! அவரு அடிக்கவே இல்ல. நான் அவரைப் பார்க்கறேன், அவரு மேஜையைப் பார்க்கறாரு. தேசிகன் சார் ஜாய்ஸ்லினைப் பார்த்து, "அப்படியா?"ன்னாரு. எங்க வீட்டுக்காரரு தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தாரு. அப்புறம் அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமா சார்"னா.

அந்த ஒரு பார்வை போதும் எனக்கு. அவ பரிசோதனை பாழாப் போச்சு, அவ வேலை போயிடக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ரகசியம் இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெளிவாப் புரிஞ்சுது.

என்ன கண்ணு? என்னைக் காப்பாத்தவா? என்னைக் காப்பாத்த என்ன இருக்கு? நான் என்ன தப்பு செஞ்சேன்? நீ சின்னப் பொண்ணு. கல்யாணமாகி எத்தனை நாள் ஆச்சு உனக்கு? அதான்.

கம்பெனி அவரை நிறுத்திடுச்சு. நஷ்ட ஈடெல்லாம் ஒழுங்காக் குடுத்தாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். வேலைதான் போச்சு. ஒத்தைக் கண்ணோட யாரு வேலை குடுப்பான்னு வீட்ல உக்காந்திருந்தாரு. அப்பக்கூட என்னை ஒரு வார்த்தை கேக்கல. ஏன் திறந்தேன்னு கேக்கல. திட்டல. சாயங்காலம் ஆனா வாசல்ல நின்னு பக்கத்து வீட்டுக் குழந்தைங்க விளையாடறதைப் பார்ப்பாரு. எனக்கு அதுதான் தாங்கல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். மனசு இங்க இருந்தாத்தானே கத்துவாரு?

பிறகு வேலூர் பக்கம் தோல் கம்பெனிங்க தண்ணியெல்லாம் சேர்த்துச் சுத்தம் பண்ற இடத்துல வேலை கிடைச்சுது. யாரு வாங்கிக் குடுத்தா? அவதான். அவகூடப் படிச்சவங்க யாரோ அங்க இருக்காங்களாம். "இந்த மாதிரி ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டாரு"ன்னு சொன்னாளாம். அவ சொல்லி வேலை. இவரும் கிளம்பிட்டாரு. "நீயும் வாயேன் கோமளா"ன்னாரு. அவ வாங்கிக் குடுத்த சோத்தைத் திங்க நான் வருவேனா?

இங்க என் கதை என்ன ஆச்சுன்னு கேளு. புது மெஷின் வந்துடுச்சு. ஃபிலிமே வேண்டாமாம். கம்ப்யூட்டர்லேர்ந்து நேரா தகடு மேல வெளிச்சத்தாலயே கோடு போட்டுடுது. ஃபிலிம் இல்ல, அதைக் கழுவற மருந்து இல்ல, வெள்ளியும் இல்ல. நீலப் படலம் மட்டும் இன்னும் இருக்கு, அதோட தண்ணிக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி. வால்வெல்லாம் தானாத் திறந்து தானா மூடிக்குது. மனுஷக் கையே படக்கூடாதாம். என்னைப் பேக்கிங்ல போட்டுட்டாங்க. வெள்ளை லைட்ல, விசிறிக்கு அடியில உக்காந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டறேன். ரெண்டு மாசம் எனக்குக் கண்ணு கூசிச்சு.

கம்பெனிக்கு ஏதோ பச்சை சர்டிபிகேட் கிடைச்சுது. கேன்டீன்ல அவ போட்டோ மாட்டியிருக்காங்க. சாப்பிடும்போது நான் அதுக்கு முதுகு காட்டித்தான் உக்காருவேன்.

போன வாரம் பேக்கிங்குக்கே வந்து நிக்கறா. "அக்கா, ஒரு தரம் தொட்டியை வந்து பாருங்க. மீன் விட்டிருக்கேன்"னா. வேலை இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ லீவுல போன அன்னைக்குத் தனியாப் போய்ப் பார்த்தேன்.

கடைசித் தொட்டி. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. அடியில போட்ட கூழாங்கல்லு தெரியுது. சின்னச் சின்ன மீனு, கூட்டமா ஒரு பக்கம் போகுது, கூட்டமாத் திரும்புது. அந்தக் காலத்துல எங்க வீட்டுக்காரரு சாப்பிடும்போது சொல்லுவாரு, "ஒருநாள் இந்தத் தண்ணியில மீன் விடணும் கோமளா"ன்னு. நான் குழம்பு வைக்கவான்னு கேப்பேன். அவரு சிரிப்பாரு. அந்தச் சிரிப்பு என்னோடது கண்ணு. அந்த மீனும் அவரோடது. ரெண்டு கண்ணும் நல்லா இருக்கறப்ப அவரு பார்த்திருக்க வேண்டியது. இப்ப தினம் காலையில அவ நின்னு பார்க்கறா. நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்னுட்டேன். பேக்கிங் சூப்பர்வைசர் வந்து கூப்பிட்டான்.

அவருகிட்ட போன்ல இதைச் சொல்லல. சொன்னா சந்தோஷப்படுவாரு. அவளால வர சந்தோஷம் எதுக்கு?

ஊருக்குள்ள வந்துட்டோம் போல. எல்லாரும் எந்திரிக்கறாங்க. நீ இரு, அவசரம் இல்ல. இன்னைக்கு வரேன்னு அவருகிட்டச் சொன்னேன், எந்த பஸ்ஸுன்னு சொல்லல. ஸ்டாண்டுக்கு வராதீங்க, நானே ரூமுக்கு வந்துக்கறேன்னு சொல்லிட்டேன். திடீர்னு போய் நின்னாத்தான் எது உண்மைன்னு தெரியும்.

ஐயோ. அங்க பாரு. அந்த டீக்கடை ஓரம், நீலச் சட்டை. அவருதான். சட்டையைத் தேய்ச்சுப் போட்டிருக்காரு பாரு, மடிப்பு கலையாம. தலைக்கு எண்ணெய் வேற. ஓசூர் பஸ்ஸு எது வந்தாலும் ஜன்னல் ஜன்னலா எட்டிப் பார்த்துக்கிட்டே வராரு. முகத்தைச் சாய்ச்சு, அந்த ஒரு கண்ணால. எவ்வளவு நேரமா நிக்கறாரோ, சட்டை முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு. ஓசூர்லேர்ந்து யாரு வரணும்னு இவ்வளவு ஆசையாத் தேடறாரு? நான்தான் வராதீங்கன்னு சொல்லிட்டேனே. அவளும் ஓசூர்லதானே இருக்கா? இன்னைக்கு லீவு வேற.

நான் இறங்க மாட்டேன். யார் இறங்கினா அந்த முகம் மலருதுன்னு நான் பார்க்கணும். நீ கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சுக்க, மறைவா இருக்கட்டும்.

எல்லாரும் இறங்கிட்டாங்களா? கண்டக்டர்கிட்ட என்னவோ கேக்கறாரு. கண்டக்டர் என்னமோ உள்ள பார்த்துக் கத்தறானே. என்னது? சரியாக் கேளு.

என் பேரா? என் பேரைத்தான் சொல்றானா?

கெட்டிக்காரரு பாரு. எனக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு முன்கூட்டியே என் பேரைச் சொல்லி வச்சிருக்காரு.

பஸ்ஸுக்குள்ளயே ஏறி வராரு கண்ணு. படி தெரியாம கம்பியைத் தடவறாரு. இரு, அந்தப் பையை எடு. என் முகத்துல எண்ணெய் வழியுதா? பொட்டு நேரா இருக்கா? சீக்கிரம் பார்த்துச் சொல்லு.